வெள்ளிக்கிழமை உடையாத சிம்னி

தொழிற்சாலை வாசலைத் தாண்டி இரண்டடி வைத்திருப்பார் தவசிமுத்து. அவர் காலுக்கு ஒரு சாண் முன்னால் எச்சில் வந்து விழுந்தது. துப்பினவன் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. உலைக் கொட்டகைத் தூணில் சாய்ந்தபடி, இரும்பு ஊதுகுழாயைத் தோளில் போட்டுக்கொண்டு முறைத்துப் பார்த்தான்.

"இந்தக் கம்பெனில நூத்துக்கு முப்பது வேஸ்ட்டாப் போவுதுன்னாங்களே நைனா," என்றான் கூட வந்த பஷீர். "எச்சிலைக் கூடக் குறி தப்பித்தான் துப்புறாங்க."

தவசிமுத்து சிரிக்கவில்லை. அந்தப் பழக்கம் அவருக்குக் குறைவு. துறைமுகக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் காவல் நின்றவர். நாலெழுத்தைக் கூட்டிப் படிப்பார், அதற்கு மேல் வராது. ஆனால் மூட்டையைத் தோளில் தூக்கிப் பார்த்தே வழியில் எவன் கை வைத்தான் என்று சொல்லிவிடுவார். அந்தப் பேர் பரவி, வேலையை விட்ட பிறகும் ராயபுரத்து வியாபாரிகள் திருட்டு, புரட்டு என்றால் அவரைத் தேடி வந்தார்கள். அவர் யாரையும் நம்ப மாட்டார். கூலி கொடுக்கிறவனை இன்னும் கொஞ்சம் குறைத்து நம்புவார். பஷீர் கல்மண்டபத்தில் லாரி கிளீனராக இருந்தவன். ஆறு வருஷமாக அவருக்குத் துணையாள். அவன் வாயை அடைக்க ஆறு வருஷமாக அவரும் பார்க்கிறார்.

ஆபீஸ் படியில் முதலாளி தேவப்பிரியம் நின்றிருந்தார். தவசிமுத்துவைப் போலவே தெற்கத்திக்காரர். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து, அரிக்கேன் விளக்குக்குச் சிம்னிக் கண்ணாடி ஊதி விற்று, திருவொற்றியூரில் காரை வீடு கட்டினவர். அவருக்குப் பின்னால் பெஞ்சில் ஒரு போலீஸ் ஏட்டு உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"வாரும்வே," என்றார் தேவப்பிரியம். "ஊர்க்காரருன்னு கூப்பிட்டேன். ஊர்க்காரருன்னு சலுகை ஒண்ணும் கெடையாது. நாலரைச் சங்கு ஊதுத வரைக்கும் ஒமக்கு நேரம்."

"சங்கு ஊதினா?"

"சிம்னிய உடைக்குத அமீருதீனை ஏட்டையா கூட்டிட்டுப் போயிருவாரு. கூட ஊதுத மிச்சம் பன்னெண்டு பேரும் அப்படியே வீட்டுக்குப் போவானுவ. திரும்பி வர வேண்டாம்."

"அப்போ எல்லாம் முடிவு பண்ணியாச்சு. என்னை எதுக்குக் கூப்பிட்டீரு?"

"புதுசா நீரு ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம்வே. பம்பாயில படிச்ச நம்ம ரகுபதி சார் கண்டுபிடிச்சிட்டாரு. வெளியாள் ஒருத்தர் பாத்து, ஆமான்னு சொல்லணும். கேசு நிக்கணும்லா?"

தவசிமுத்துவுக்குக் காது சூடேறியது. ஆமாம் போட ஆள் பிடிக்கிறவனிடம் அவர் இதுவரை ஆமாம் போட்டதில்லை.

"பாக்கேன்," என்றார்.

ரகுபதியின் அறை தொழிற்சாலைக்குள்ளேயே, மதிலை ஒட்டி இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை. மேஜைமேல் பென்சில்கள் உயர வரிசையில் அடுக்கியிருந்தன. மூலையில் ஒரு லாந்தர். அதன் சிம்னி பளபளவென்று துடைத்திருந்தது. கீழ் விளிம்பில் இருந்த பச்சைச் சாயப் பொட்டு கூட அழியவில்லை. ஆள் சுத்தக்காரன் என்று தவசிமுத்து மனசில் போட்டுக்கொண்டார்.

ரகுபதிக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். பம்பாயில் படித்தவர். கழுத்தில் ஒரு விசில், உள்ளங்கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். மூன்று மாசத்துக்கு முன்னால் முதலாளி இவரைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். வேலை ஒன்றுதான்: வீணாகப் போகிறதைக் கண்டுபிடித்து வெட்டுவது.

"வந்த அன்றைக்கு இங்கே இருபது பேர் ஊதினார்கள்," என்றார் ரகுபதி. "ஒவ்வொருவன் கையையும் காலையும் வாட்ச் வைத்து அளந்தேன். நடக்கிற வீண், நிற்கிற வீண், காத்திருக்கிற வீண். எல்லாவற்றையும் வெட்டினேன். ஏழு பேரை அனுப்பினேன். பதின்மூன்று பேரிலேயே உற்பத்தி ஒன்றரை மடங்கு ஏறியது. அதிலிருந்துதான் இந்த நாசவேலை."

முன்பெல்லாம் நூறு சிம்னியில் ஐந்து உடையும். இப்போது முப்பது. அதுவும் தொழிற்சாலையில் உடையவில்லை. பெட்டிக்குள்ளே, ரயிலிலே, கடைக்காரன் அலமாரியிலே உடைந்தது. சேலத்திலிருந்தும் குண்டூரிலிருந்தும் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது.

ரகுபதி சுவரில் மாட்டியிருந்த பெரிய காகிதத்தைக் காட்டினார். ஆறு நாளுக்கு ஆறு கட்டம்.

"எந்த நாள் செய்த சரக்கு எவ்வளவு உடைகிறது என்று பாருங்கள். திங்கள் முப்பத்தொன்று. செவ்வாய் இருபத்தெட்டு. புதன் முப்பத்திரண்டு. வியாழன் இருபத்தொன்பது. சனி முப்பது."

"வெள்ளி?"

"இரண்டு."

ரகுபதி அந்த இரண்டை விரலால் தட்டினார். "வெள்ளிக்கிழமை மட்டும் இங்கே என்ன இல்லை? ஊதுகிறவர்கள் எல்லாரும் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் இருக்கிற நாளெல்லாம் உடைகிறது. இல்லாத நாள் உடையவில்லை. அவர்களுக்குத் தலைவன் அமீருதீன். முதல் நாளே எல்லோர் முன்னாலும் என்னை மிரட்டினான், 'உன் கணக்கு நொறுங்கிப் போகும்' என்று. முதலாளியும் கேட்டார்."

"காலையில ஆறு மணியிலேருந்து ஜும்மா வரைக்கும் அவங்க இங்கதானே இருக்காங்க? அப்ப ஏன் உடைக்கலை?"

ரகுபதி அதற்கும் பதில் வைத்திருந்தார். "தொழுகை நாளில் பாவம் செய்ய மாட்டார்கள்."

"அல்லா!" என்றான் பஷீர். "அப்ப நான் இத்தினி வருசமா வெள்ளிக்கெயமைல செஞ்சதெல்லாம் எந்தக் கணக்குல சேரும் சார்?"

ரகுபதி அவனைப் பார்க்கவே இல்லை. வாட்சைப் பார்த்தார். "நீங்கள் வந்து பதினொரு நிமிஷம் ஆகிறது," என்றார்.

உலைக் கொட்டகையில் வெக்கை முகத்தில் அறைந்தது. தரையெங்கும் சுண்ணாம்புக் கோடு. யார் எங்கே நிற்க வேண்டும், எந்த வழியாக நடக்க வேண்டும் என்று ரகுபதி போட்ட கோடு. பதின்மூன்று பேரும் அந்தக் கோட்டுக்குள் நின்று, உருகின கண்ணாடியைக் குழாய் முனையில் எடுத்து, ஊதி, அச்சில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஊதின சிம்னி வடக்குச் சுவரோரம் இருந்த சூளைக்குப் போகும். இரும்புக் கதவு போட்ட சூளை. சூட்டோடு வந்த கண்ணாடி அதற்குள் கிடந்து ஆற வேண்டும். கதவைத் திறப்பதும் மூடுவதும் ரகுபதியின் விசிலுக்குத்தான். பன்னிரண்டுக்கு மூடினால் ஒன்றரைக்குத் திறப்பு. அந்தச் சரக்கை எடுத்துவிட்டு அடுத்தது. பிறகு மூன்று. பிறகு நாலரை.

துப்பின ஆள்தான் அமீருதீன். ஐம்பது வயசு. முப்பத்தைந்து வருஷம் ஊதி ஊதிக் கன்னம் இரண்டும் காலிப் பையாகத் தொங்கின.

"நீதான் மொதலாளி வெச்ச மோப்ப நாயா?" என்றார்.

"நாய் அவரு," என்றான் பஷீர். "நான் வாலு பாய்."

"நீ பாங்கு சத்தம் கேட்டு எத்தினி நாளாச்சு? ராயபுரத்துல உன்ன எந்தப் பள்ளிவாசல்லயும் நான் பாத்ததில்ல."

"நான் உள்ள வந்தா வெளிய கீற செருப்பெல்லாம் பதறும் பாய். அதான் ஒதுங்கிக்கினேன்."

ஊதிக்கொண்டிருந்த ஒருத்தன் சிரித்துவிட்டான். அமீருதீன் அவன் பக்கம் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நீ உடைச்சியா?" என்று நேரே கேட்டார் தவசிமுத்து.

"ஆமான்னா இன்னா பண்ணுவ, இல்லன்னா இன்னா பண்ணுவ? ஏட்டு வந்து குந்திகினுகீறாரு. சோடா குடிச்சு முடிச்சதும் இட்டுகினு போவாரு. நீ சும்மா நடுவுல வந்து பேஜாரு பண்ணாத."

"எது உடைக்குதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா சொல்லு."

"என் ஏழு ஆளுங்கள வெளிய தள்ளும்போது எவனாச்சும் என்ன வந்து கேட்டானா? இப்ப இன்னாத்துக்குக் கேக்கற? போ, போய் உன் வேலயப் பாரு."

தவசிமுத்து அவரையும் நம்பவில்லை. எதையோ விழுங்கிக்கொண்டு நிற்கிற ஆள் என்று மட்டும் தெரிந்தது. குற்றத்தையும் விழுங்கலாம், கோபத்தையும் விழுங்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் தொண்டை ஒரே மாதிரிதான் அசையும்.

அப்போதுதான் மதிலுக்கு அப்பால் பாங்கு கேட்டது. நடுப்பகல் தொழுகைக்கு அழைக்கிற லுஹர் பாங்கு. பள்ளிவாசல் தெருமுனையில், தெற்கே இருந்தது. பதின்மூன்று பேர் தலையும் ஒரே சமயத்தில் திரும்பியது. தெற்கே இல்லை. வடக்கே. சூளைக் கதவின் பக்கம்.

ஒரு கணந்தான். பிறகு எல்லோரும் குழாயைப் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தியா?" என்றார் தவசிமுத்து, வெளியே வந்ததும்.

"பாத்தேன் நைனா. பாங்கு கேட்டா தலைக்குத் துணி தேடுவாங்க. இவுங்க சூளையத் தேடுறாங்க. ஒருத்தன் ரெண்டு பேருன்னா கெடக்குது, பதிமூணு பேருக்கும் ஒரே நேரத்துல கயுத்து சுளுக்குமா?"

"பழக்கம்," என்றார் தவசிமுத்து. "ரொம்ப வருஷத்துப் பழக்கம். என்ன பழக்கம்னு தெரிஞ்சா கதை முடிஞ்சுது."

சரக்குக் கட்டுகிற கொட்டகையில் ரசூல் பீவி என்கிற பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்து சிம்னிகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயசு. இவர்கள் உள்ளே வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டு, வைக்கோல் கத்தியை மடியருகில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள், யாரும் எதையும் கேட்பதற்கு முன்பே.

"தெரியாதவங்க இவ்வளவு அவசரமா சொல்ல மாட்டாங்கம்மா," என்றார் தவசிமுத்து. ஒரு சிம்னியை எடுத்துப் பார்த்தார். கீழ் விளிம்பில் நீலப் பொட்டு. "இது என்ன?"

"அது அந்த விசில்காரர் போடச் சொன்னது. தப்பு நடந்தா எந்த நாளு தப்புன்னு தெரியணுமாம். திங்களுக்குச் சிவப்பு, செவ்வாய்க்குக் கறுப்பு, புதனுக்கு நீலம், வியாயனுக்கு மஞ்சா, வெள்ளிக்குப் பச்ச, சனிக்கு வெள்ள."

தவசிமுத்துவின் கை அப்படியே நின்றது. பஷீர் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் சிம்னியைக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமை இங்க எப்படிம்மா வேலை நடக்கும்?"

"அன்னிக்கு ஒரே சரக்குதான். காலம்பற ஊதினத சூளைல வெச்சு, கதவ அடச்சுட்டு, எல்லாம் ஜும்மாவுக்குப் பூடுவாங்க. வந்து உலைல சாம்பல் வாருவாங்க. சூளயத் தொறக்க சாயந்தரம் ஆவும். அதயும் நிறுத்தணும்னு விசில்காரரு குதிச்சாரு. மொதலாளிதான், 'ஞாயித்துக்கெயமை எனக்குக் கோயிலு இருக்கும்போது வெள்ளிக்கெயமை அவங்களுக்கு இல்லன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது'ன்னுட்டாரு."

"மத்த நாள் சரக்கு? பெட்டியில போட்டப்புறம் யாராவது வந்து தட்டுறாங்களா?"

அவள் கத்தியை இறுக்கிப் பிடித்தாள். "சொன்னா பைத்தியம்பீங்க."

"நான் யாரையும் அப்படிச் சொல்றதில்லை. நம்பவும் மாட்டேன். சொல்லு."

"யாரும் வர்றதில்ல. அதுவா உடையுது. ஆளில்லாத நேரத்துல பெட்டிக்குள்ள டக்குனு ஒரு சத்தம். ஷைத்தான் குந்திகினு சொடக்குப் போடறாப்புல."

தவசிமுத்து எழுந்தார். "பஷீர், போய் ஏட்டையாவைக் கூட்டிட்டு வா. சோடா பாட்டிலோட வந்தாலும் சரி."

அவர் செய்தது எளிமையான காரியம். புதன்கிழமைச் சரக்கில் இரண்டு டஜன், போன வெள்ளிக்கிழமைச் சரக்கில் இரண்டு டஜன். ஒவ்வொன்றையும் ஏட்டு கையில் வாங்கிப் பார்த்து, கீறல் இல்லை என்று சொன்ன பிறகு, ரசூல் பீவி வைக்கோல் சுற்றி இரண்டு பெட்டியில் அடைத்தாள். பெட்டிகளைக் கிடங்கின் நடுவில் வைத்தார்கள். தவசிமுத்து, பஷீர், ஏட்டு மூன்று பேரும் உள்ளே உட்கார, முதலாளியே வெளியிலிருந்து பூட்டினார்.

"இது என்ன பைத்தியக்காரத்தனம்வே?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"சாட்சி கேட்டீருல்லா? உற்பத்தி பண்ணுதேன்."

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஏட்டு கொட்டாவி விட்டார். பஷீர் வைக்கோலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"டக்."

ஏட்டு துள்ளி எழுந்து லத்தியைப் பிடித்தார். பெட்டிக்கு ஐந்தடிக்குள் ஒரு ஈ கூட இல்லை.

"பிடியும் ஏட்டையா," என்றார் தவசிமுத்து. "உடைச்சது யாரு? நானா, இவனா?"

"என்னப் பாக்காத ஏட்டையா," என்றான் பஷீர். "இன்னிக்கு வியாயக்கெயம. என் பாவமெல்லாம் வெள்ளிக்குத்தான்."

அதற்குள் இன்னொரு டக். பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது. ஏட்டு கண்ணை அகல வைத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவருக்குக் கொட்டாவி வரவில்லை.

நாலு மணிக்குப் பூட்டைத் திறந்தார்கள். நீலப் பொட்டுப் பெட்டியில் நாலு சிம்னி நொறுங்கியிருந்தது. பச்சைப் பொட்டுப் பெட்டியில் இருபத்துநாலும் முழுசு. முதலாளி குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையிலிருந்து பாங்கு வந்தது. பிற்பகல் தொழுகையின் அஸர் பாங்கு.

"முதலாளி, நிமிரும்," என்றார் தவசிமுத்து. "அந்தக் கொட்டகையைப் பாரும். சீக்கிரம்."

பதின்மூன்று தலையும் மறுபடி வடக்கே திரும்பியது.

"மதியம் பாங்குக்கும் இப்படித்தான் திரும்பினாங்க. அவங்களுக்கு அதுதான்வே கடிகாரம். லுஹர் பாங்குக்குச் சூளையை மூடுவாங்க. அஸர் பாங்குக்குத் திறப்பாங்க. மூணரை மணி நேரம், நாலு மணி நேரம். இவரு வந்தாரு. கண்ணாடி சும்மா கெடக்குது, காத்திருக்குத வீண்னு ஒன்றரை மணி நேரமா வெட்டினாரு. வெட்டினது வீண் இல்ல. அதுதான் வேலை. அரைகுறையா ஆறின கண்ணாடி உள்ளுக்குள்ள முறுக்கிக்கிட்டுத்தான் இருக்கும். இன்னைக்கோ நாளைக்கோ, தானா வெடிக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் இவரு ஒன்றரைக்கு விசில் ஊதினாலும் திறக்க ஆளில்லை. அவங்க இல்லாததால உடையாம இருக்கல. அவங்க இல்லாததால ஆறுச்சு."

முதலாளி கொட்டகைக்கு நடந்தார். தவசிமுத்துவும் மற்றவர்களும் பின்னால் போனார்கள். ரகுபதி சூளையருகே நின்றிருந்தார். மூன்று மணிக்கு மூடின சரக்கு உள்ளே இருந்தது.

முதலாளி விஷயத்தைச் சொன்னார். ரகுபதி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

"இருக்கலாம்," என்றார். "எனக்கு இது தெரியாது. தெரியாமல் நடந்த பிழை. புது முறை என்றால் பிழை வரும், திருத்திக்கொள்ளலாம். ஆனால் அமீருதீன் என்னை மிரட்டியது பிழையா?"

தேவப்பிரியம் தடுமாறினார். படித்தவன் மேல் அவருக்கு மரியாதை. "அதுவும் சரிதான். தெரியாமச் செஞ்சாரு. அவன் மிரட்டினதை நானே கேட்டேன்லா?"

"பாதிய கேட்ட," என்றார் அமீருதீன். அன்று முழுக்க அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். "'கண்ணாடியத் தூங்க வுடு, இல்லாங்காட்டி உன் கணக்கு நொறுங்கிப் பூடும்'னேன். மொதப் பாதி சொன்னப்ப உலைல கரி கொட்டிக்கினு இருந்தாங்க. நீ வாசல்ல நின்ன. இவுரு பக்கத்துல நின்னாரு. இவுருக்கு முழுசும் கேட்டுது."

"கேட்கவில்லை," என்றார் ரகுபதி. "எனக்கு எதுவும் தெரியாது."

"பஷீர்," என்றார் தவசிமுத்து. "சாரோட அறையில ஒரு லாந்தர் இருக்கு. எடுத்துட்டு வா. கட்டிலுக்குக் கீழயும் ஒரு பார்வை பாரு."

ரகுபதியின் கை முதல் தடவையாக வாட்சை விட்டுவிட்டு வேட்டி மடிப்பைத் தேடியது. "என் அறைக்குள் போக உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"சாருக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கணும்," என்றார் தவசிமுத்து, அவரைப் பார்க்காமலே. "பென்சில் கூட உயர வரிசை. அப்படிப்பட்டவர் விளக்குக்குச் சிம்னியையும் பாத்துத்தான் எடுப்பாரு."

பஷீர் திரும்பி வந்தான். ஒரு கையில் லாந்தர், இன்னொரு கையில் வைக்கோல் சுற்றின பொட்டலம். லாந்தர் சிம்னியில் பச்சைப் பொட்டு. பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஐந்து சிம்னி. ஐந்திலும் பச்சைப் பொட்டு.

"ஒண்ணுன்னா கைக்குக் கெடச்சுதுன்னு வெச்சுக்கலாம் சார்," என்றான் பஷீர். "ஆறுமா? ஒருவேள வெள்ளிக்கெயமைல நீங்களும் பாவம் பண்றதில்லயா?"

"ரசூல் பீவி," என்று கூப்பிட்டார் தவசிமுத்து. "இதை யாரு கேட்டு வாங்கினது? எப்போ?"

அவள் கொட்டகை வாசலிலேயே நின்றாள். "விசில்காரருதான். ரூமுல விளக்கு ரெண்டு தபா வெடிச்சுதுன்னு வந்தாரு. 'வெள்ளிக்கெயமைச் சரக்குல ஆறு குடு, வேற நாளு வேணாம்'னாரு. ரெண்டு வாரம் ஆவுது."

"இவ்வளவு நேரம் ஏன்ட்டி சொல்லல?" என்றார் முதலாளி.

"யாரு கேட்டீங்க?"

முதலாளி லாந்தரை வாங்கிப் பார்த்தார். பிறகு ரகுபதியிடம், மெதுவாக, "அமீருதீன்தான் உடைக்கான்னு நீரு எழுதிக் கொடுத்தது போன சனிக்கிழமை. ஒம்ம ரூமுலயே ஆள் தொடாம வெடிச்சதைப் பாத்த பொறவுதான் எழுதியிருக்கீரு."

"ஒன்றரை மடங்கு உற்பத்தி என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்," என்றார் ரகுபதி. குரல் இப்போது வறண்டிருந்தது. "பம்பாய்க்கும் எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் என்னை எவன் மதிப்பான்? இவன் ஒரு ஊதுகிறவன். இவனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும்."

"சென்ட்ரல் ஜெயில்லயா?" என்றான் பஷீர். இந்தத் தடவை அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தவசிமுத்து அமீருதீன் பக்கம் திரும்பினார். இவரையும் விடுவதாக அவருக்கு எண்ணமில்லை. "நீ உடைக்கலை. ஆனா எதனால உடையுதுன்னு உனக்கு மொத நாளே தெரியும். ஒரு தடவை சொன்னே, அதோட வாயை மூடிக்கிட்டே. மூணு மாசமா உடையட்டும்னு பாத்துக்கிட்டு நின்னே."

"ஆமா," என்றார் அமீருதீன். "என் கையால ஊதினது. ஒவ்வொண்ணும் வெடிக்கும்போது எனக்கு இங்க வலிச்சுது." தொங்குகிற கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "ஆனா வாயத் தொறக்கல. ஏழு வூட்டுல உலை கொதிக்கல. இவுரு பெட்டி உடைஞ்சா இன்னா?"

நாலரைச் சங்கு ஊதியது.

ஏட்டு தொப்பியை மாட்டிக்கொண்டார். யாரைக் கூட்டிப்போவது என்று தெரியாமல் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கையை நீட்டி ரகுபதியின் ஸ்டாப்வாட்சை வாங்கிக்கொண்டு, ஏட்டுக்கு ஒரு தலையசைப்புக் காட்டினார். "ஸ்டேஷன்ல வச்சு இவரு சொன்னதை எழுதி வாங்கும். பொய்ப் புகாருன்னு போடும்." ரகுபதி வாசல் வரை சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நடந்து போனார்.

மூன்று மாசப் பழக்கம் முதலாளிக்கும் விடவில்லை. "நாலரை ஆச்சு, கதவைத் தொறங்கடே!" என்று கத்தினார்.

யாரும் அசையவில்லை. அமீருதீன் ஊதுகுழாயைக் கீழே வைத்தார். நடந்து போய், சூளைக் கதவின் முன்னால், முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சூரியன் எறங்கி மஃரிப் பாங்கு கேட்டாத்தான் தொறக்கும்."

"அதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்குவே!"

"கெடக்கட்டும். நீயும் குந்து. அதுக்குள்ள என் ஏழு ஆளுங்களத் திரும்பக் கூப்பிடறதப் பத்தி யோசி. வர்ற சனிக்கெயம அவுங்க வரலன்னா இந்தச் சூளயத் தொறக்க வேற கை தேடிக்க."

தேவப்பிரியத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. அவருக்குப் பின்னால் திரும்பி வந்த பெட்டிகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. வேலை தெரிந்த கை அந்தப் பதின்மூன்றுதான். இது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவர் அமீருதீனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. ஒரு காலிப் பெட்டியை உதைத்துக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"காகிதம் ஒண்ணு கொண்டாவே."

பஷீர் ரகுபதியின் அறைக்குப் போய், சுவரில் இருந்த ஆறு கட்டக் காகிதத்தையே கழற்றி, உயர வரிசையில் கடைசிப் பென்சிலோடு கொண்டுவந்து கொடுத்தான். முதலாளி அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஏழு பேரு பேரு என்ன?"

"மூணு மாசத்துக்கு முந்தி வரைக்கும் உன் கம்பெனில இருந்தவங்க," என்றார் அமீருதீன். "உனக்கே தெரியல."

"சொல்லுதியா, இல்லையா?"

"எயுதிக்க. மொத ஆளு ஜாபர்."

தவசிமுத்து மதிலோரம் போய் உட்கார்ந்து காலை நீட்டினார். முதலாளி பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதினார். ஏழாவது பேர் வந்த பிறகும் பாங்கு வரவில்லை. பக்கத்தில் தரையில் வைத்திருந்த ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.